நாய்க்கு வீட்டு ஐஸ்: வெயில் காலத்தில் அடிக்கடி வரும் கேள்விகள்

எங்கள் வீட்டில் மணி என்றொரு நாட்டு நாய் இருக்கிறான், 15 கிலோ. அக்கா வீட்டில் பப்லு என்றொரு பக், 8 கிலோ. சித்திரை பிறந்ததும் இரண்டு பேருக்கும் ஃப்ரீசரில் ஒரு டப்பா ஒதுக்கிவிடுவோம். அதைப் பார்க்கும் உறவுக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்கும் கேள்விகள் வருஷா வருஷம் ஒன்றேதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

ஐஸ் கொடுத்தால் நாய்க்குச் சளி பிடிக்காதா?

பிடிக்காது. சளியும் இருமலும் கிருமியால் வருபவை, ஐஸால் வருபவை அல்ல. நாய் கறகறவென்று இருமினால், அது மற்ற நாய்களோடு பழகித் தொற்றியதாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காத பாட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை.

இது நாயின் உடம்புச் சூட்டை உண்மையிலேயே குறைக்குமா?

கொஞ்சம்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 15 கிலோ நாய் சும்மா படுத்திருந்தாலே அதன் உடம்பு மணிக்கு ஏறக்குறைய 90 கிலோஜூல் வெப்பத்தை உண்டாக்குகிறது. 25 கிராம் ஐஸ் கட்டி ஒன்று உருகி உடம்புச் சூட்டுக்கு வருவதற்குள் இழுத்துக்கொள்ளும் வெப்பம் சுமார் 12 கிலோஜூல். அதாவது ஒரு கட்டி, எட்டு நிமிஷச் சூட்டை ஈடுகட்டும். அவ்வளவுதான்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் அடியில் மட்டும் லேசாக வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கி, வாயிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாவதால்தான் சூடு தணிகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது குறையும். அதனால்தான் வேலூரின் காய்ந்த வெயிலில் தாக்குப்பிடிக்கும் நாய், அதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கும் சென்னையின் புழுக்கத்தில் திணறிப்போகலாம். பக், ஷிட்ஸு, புல்டாக் மாதிரி முகம் சப்பையான நாய்களுக்கு மூச்சுப் பாதையே குறுகல் என்பதால் பாடு இன்னும் அதிகம்.

ஆகவே நிழல், ஃபேன், எந்நேரமும் நல்ல தண்ணீர், காலை ஆறரைக்குள் முடிந்துவிடும் நடை, இவை இருந்தால்தான் ஐஸுக்கு வேலை. நக்கிக்கொண்டே அரை மணி நேரம் ஓரிடத்தில் படுத்திருக்கும், வயிற்றுக்குள் கொஞ்சம் தண்ணீரும் போகும். மதியம் வெளியே விட முடியாமல் அடைபட்டுக் கிடக்கும் நாய்க்கு அதுவே பெரிய பொழுதுபோக்கு.

ஐஸ் தண்ணீர் குடித்தால் வயிறு முறுக்கிக்கொண்டு செத்துவிடும் என்று வாட்ஸப்பில் வந்ததே?

வருஷம் தவறாமல் வரும். வயிறு உப்பி முறுக்கிக்கொள்வது உண்மையான ஆபத்துதான், சில மணி நேரத்தில் உயிரையே எடுத்துவிடும். கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி உருவில் பெரிய, நெஞ்சு ஆழமான நாய்களுக்கு அதிகமாக வரும். ஆனால் ஐஸ்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஒரு நாள் சாப்பாட்டை ஒரே வேளையில் போடுவது, அதை அவசர அவசரமாக விழுங்குவது, ரத்த சொந்தத்தில் இன்னொரு நாய்க்கு வந்திருப்பது, இவைதான் அறியப்பட்ட காரணங்கள். ஓடியாடி இளைத்து வந்த நாய் ஒரு வாளித் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடிப்பது எந்தத் தண்ணீராக இருந்தாலும் நல்லதல்ல. மூச்சு அடங்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வயிறு உப்பியிருக்கிறது, வாந்தி எடுக்க முயல்கிறது, ஒன்றும் வரவில்லை என்றால் யோசிக்காமல் வண்டியை எடுங்கள்.

முதல் தடவை செய்கிறேன். எதில் தொடங்கலாம்?

தர்பூசணியில். தோலையும் வெள்ளைப் பகுதியையும் சீவிவிட்டு விதைகளை எடுத்துவிடுங்கள். ஒன்றிரண்டு விதை உள்ளே போனால் பதற வேண்டாம். சிவப்புச் சதையை மிக்சியில் ஒரு சுற்று விட்டு ஐஸ் டிரேயில் ஊற்றி, இரவு முழுக்க வைத்தால் காலையில் தயார். சர்க்கரை, உப்பு, எலுமிச்சை எதுவும் வேண்டாம். 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் என்பதால் ஒரு கட்டியில் 8 கலோரிகூட இருக்காது.

அது ஒத்துக்கொண்டால் அடுத்தது தயிரும் வாழைப்பழமும். புளிக்காத தயிர் 200 கிராம், நன்றாகப் பழுத்த மோரிஸ் பழம் ஒன்று, கெட்டியாக இருந்தால் கால் டம்ளர் தண்ணீர். கரண்டியாலேயே மசித்துவிடலாம். பன்னிரண்டு கட்டி வரும். மணிக்கு இதுதான் உயிர்.

வெள்ளரிக்காய், கிர்ணிப்பழம், விதை நீக்கிய பப்பாளி, விதையும் நடுத்தண்டும் எடுத்த ஆப்பிள், வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி, கேரட் எல்லாமே சரிதான். புதிதாக எதைக் கொடுத்தாலும் முதல் நாள் ஒரு கட்டியோடு நிறுத்தி, மறுநாள் மலம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

தயிருக்குப் பதில் பால் ஊற்றலாமா?

வேண்டாம். குட்டியாக இருக்கும்போது பால் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி நாய்க்கு இருக்கும், வளர வளர பல நாய்களுக்கு அது குறைந்துவிடும். விளைவை நீங்கள்தான் துடைக்க வேண்டியிருக்கும். தயிரில் பால் சர்க்கரை கொஞ்சம் குறைவு, மோரில் தண்ணீர் சேர்வதால் இன்னும் குறைவு. தயிரும் சேராத நாய்கள் உண்டு, அவற்றுக்குப் பழமும் தண்ணீரும் போதும். மோர் என்றால் வெறும் மோர். பச்சை மிளகாய், பெருங்காயம், இஞ்சி தட்டிப்போட்ட நம் நீர்மோர் வேறு கதை.

மாம்பழம்?

சதையைத் தாராளமாகக் கொடுக்கலாம், தோல் சீவி, அளவோடு. இனிப்பு அதிகம் என்பதால் குண்டு நாய்க்கு ஒரு துண்டு போதும். கொட்டையை மட்டும் நாய் கண்ணில் காட்டாதீர்கள். சப்பிப் போட்ட மாங்கொட்டையைக் கவ்விக்கொண்டு ஓடி விழுங்கி, அது குடலில் சிக்கி அறுவை சிகிச்சை வரை போவது மாம்பழப் பருவத்தில் நடக்கக்கூடியதுதான். எங்கள் வீட்டில் கொட்டை போடும் பாத்திரத்துக்கு மூடி உண்டு.

இளநீரும் நுங்கும் கொடுக்கலாமா?

இளநீரைக் கொஞ்சம் தண்ணீர் கலந்து ஐஸ் டிரேயில் ஊற்றி வைக்கலாம், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கட்டி. பொட்டாசியம் அதிகம், எனவே சிறுநீரகப் பிரச்சினை உள்ள நாய்க்கு வேண்டாம். நுங்கை நான் கொடுப்பதில்லை. வழுவழுவென்று இருப்பதை மணி மெல்லாமல் அப்படியே விழுங்கப் பார்த்தான், தொண்டையில் சிக்கிவிடுமோ என்று பயந்துவிட்டேன். கற்றாழைச் சோறு பற்றியும் கேட்கிறார்கள். அது நமக்குக் குளிர்ச்சி, ஆனால் தோலை ஒட்டியிருக்கும் மஞ்சள் பால் நாய்க்கு வாந்தியும் பேதியும் தரும். தவிர்த்துவிடுங்கள்.

நாங்கள் வெயிலுக்குச் சாப்பிடும் கூழ், தயிர் சாதம், பானகத்தையே கொஞ்சம் உறைய வைத்துக் கொடுத்தால் என்ன?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நின்று நிதானமாகப் பதில் சொல்வேன். சாக்லேட் ஆகாது என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டில் நாம் குளிர்ச்சி என்று நினைத்து அன்பாக ஊற்றும் பொருளில்தான் கோளாறு ஒளிந்திருக்கிறது.

கூழை எடுத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகோ கம்போ நாய்க்கு ஒன்றும் செய்யாது, கிராமத்தில் எத்தனையோ நாய் களி தின்றுதான் வளர்ந்திருக்கிறது. ஆனால் கூழில் சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டிருப்போம். வெங்காயம், பூண்டு இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. பச்சையாக இருந்தாலும் வதக்கியதாக இருந்தாலும் பொடியாக இருந்தாலும் அப்படித்தான். சோகை உடனே தெரியாது, சில நாள் கழித்து ஈறு வெளுத்து, நாய் துவண்டு படுத்த பிறகுதான் தெரியும். கூழ் ஐஸ் வேண்டுமானால் உப்பு, வெங்காயம் போடும் முன்பே ஒரு கரண்டி தனியாக எடுத்து, வெறும் மோரில் கரைத்து உறைய வையுங்கள். அது அருமையாக இருக்கும்.

தயிர் சாதத்திலும் வீட்டுத் தயிர் சாதம் வேறு, கல்யாண வீட்டுத் தயிர் சாதம் வேறு. பின்னதில் பச்சைத் திராட்சையோ கருப்புத் திராட்சையோ முந்திரியோடு சேர்ந்து கிடக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. இதில் மோசமான விஷயம், இவ்வளவு தின்றால்தான் ஆபத்து என்று ஒரு கோடு போட முடியாதது. ஒரு நாய் கைநிறையத் தின்றுவிட்டு வாலாட்டிக்கொண்டிருக்கும், இன்னொன்று நாலைந்து பழத்தில் படுத்துவிடும். உங்கள் நாய் எந்த வகை என்று சோதித்துப் பார்க்கும் விஷயமா இது? மிஞ்சிப்போன பாயசத்திலும் உலர்திராட்சை உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

அப்புறம் பானகம். வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் போகட்டும், பல வீடுகளில் புளி கரைத்துத்தான் செய்வார்கள். திராட்சையில் நஞ்சு எது என்று பல வருஷம் பிடிபடாமல் இருந்தது. 2021-இல் அமெரிக்காவில் விலங்கு நச்சு மருத்துவர்கள், டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். புளியின் புளிப்புக்கும் அதே அமிலம்தான் காரணம். புளியைத் தின்ற நாய்களிலும் சிறுநீரகப் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. குழம்பு சோறு தின்றே பத்து வருஷம் வாழ்ந்த நாயைக் காட்டி என்னோடு வாதாடாதவர் இல்லை. அந்த நாய்க்கு நல்ல காலம் என்பதுதான் என் பதில். எலுமிச்சைப் பானகமும் சர்க்கரைப்பாகு நன்னாரி சர்பத்தும் நஞ்சில்லை என்றாலும், நாய்க்கு அவ்வளவு இனிப்பு எதற்கு?

கடை ஐஸ்கிரீமில் ஒரு வாய் கொடுத்தால் தப்பா?

வெனிலாவில் ஒரு வாய் தின்று செத்த நாய் இல்லை. ஆனால் கொழுப்பும் சர்க்கரையும் பாலும் சேர்ந்தது அது. கணையம் பலவீனமான நாய்க்கு ஒரு கப் ஐஸ்கிரீமே வாந்தியில் கொண்டுபோய் விடலாம். சாக்கோபார், காபி ஐஸ்கிரீம், திராட்சை போட்டது, இவை கூடவே கூடாது. சர்க்கரை இல்லாதது என்று எழுதியிருந்தால் இன்னும் உஷார். ஏன் என்பது அடுத்த பதிலில்.

எல்லா வீடியோவிலும் பீநட் பட்டர் போடுகிறார்களே?

நாய்க்கு அது அமிர்தம், மறுக்கவில்லை. டப்பாவைத் திருப்பிப் பொருட்களின் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஸைலிட்டால் என்றோ 967 என்ற எண்ணோ கண்ணில் பட்டால் அதை வைத்துவிடுங்கள். மனிதர்களுக்கு ஒன்றும் செய்யாத இந்த இனிப்பு நாயின் உடம்பில் இன்சுலினைக் கொட்ட வைத்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கிவிடும். அளவு கூடினால் கல்லீரலும் போகும். 10 கிலோ நாய்க்கு ரத்தச் சர்க்கரை இறங்க ஒரு கிராம் போதும். சர்க்கரை இல்லாத சூயிங்கம், சில பற்பசைகளிலும் இது இருக்கும்.

நல்ல பீநட் பட்டரே ஒரு மேசைக்கரண்டியில் 95 கலோரி. தயிர்க் கலவை முழுவதற்கும் ஒரு டீஸ்பூன் கலந்தால் வாசனைக்கு ஆயிற்று. உப்பில்லாமல் வறுத்த வேர்க்கடலையை மிக்சியில் எண்ணெய் விடும் வரை அரைத்தால் அதுவும் இதுவும் ஒன்றுதான்.

கறி வேகவைத்த தண்ணீரை ஐஸாக்கலாமா?

தாராளமாக. மஞ்சள் தூள், உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் கோழியை வெறும் தண்ணீரில் வேகவைத்து வடிகட்டுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே கொழுப்பு படியும், அதை வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தை டிரேயில் ஊற்றுங்கள். வெந்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் குத்தும், ஒரு துணுக்குகூடத் தங்கக் கூடாது. தண்ணீர் குடிக்க அடம்பிடிக்கும் நாய்க்கு இதில் ஒரு கட்டியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் மிதக்கவிட்டால் கிண்ணம் காலியாகிவிடும்.

ஒரு நாளைக்கு எத்தனை?

தீனி எதுவானாலும் அன்றைய மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுக் கணக்கு. 15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 850 கலோரி என்று வைத்தால் 85. மேலே சொன்ன தயிர் வாழைப்பழக் கட்டி ஒன்றில் 17, 18 கலோரி வரும், ஆக எங்கள் மணிக்கு ஒரு நாளைக்கு நாலு கட்டி. பப்லுவுக்கு இரண்டே. அவன் கண்ணை உருட்டிப் பார்ப்பான், மசியாதீர்கள். அக்கா மசிந்ததால்தான் அவன் போன வருஷம் 10 கிலோ இருந்தான்.

அச்சு தனியாக வாங்க வேண்டுமா?

ஐஸ் டிரேயே போதும். பெரிய நாய்க்குச் சின்ன சில்வர் டம்ளரில் ஊற்றி வைத்து, எடுக்கும்போது வெளிப்பக்கத்தைத் தண்ணீரில் காட்டினால் கழன்று வரும். உறைந்த டம்ளரோடு அப்படியே நக்க விடாதீர்கள், ஈர நாக்கு உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். இட்லித் தட்டிலும் முயன்றேன், துளை வழியே பாதி ஃப்ரீசரில் ஒழுகியது. அம்மா அந்தத் தட்டை அதன் பிறகு என் கண்ணில் காட்டவில்லை. உள்ளே குழியுள்ள ரப்பர் பொம்மை இருந்தால் அதில் கலவையை அடைத்து உறைய வைப்பதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது, ஒரு மணி நேரம் ஓடும். குச்சி ஐஸ் மாதிரி வேண்டும் என்று ஆசைப்பட்டால் மரக்குச்சிக்குப் பதில் கேரட்டை நீளமாக நறுக்கிச் செருகுங்கள், பிடியையும் சேர்த்துத் தின்றுவிடும்.

எங்கள் லேப்ரடார் கடித்து நொறுக்குகிறதே, பல் போகாதா?

போகலாம். கல் மாதிரி உறைந்த வெறும் தண்ணீர்க் கட்டியைக் கடைவாயில் வைத்துக் கடித்துப் பல் பிளந்துகொள்ளும் நாய்கள் உண்டு. தயிரும் பழமும் கலந்தது அவ்வளவு இறுகாது. வெளியே எடுத்து ஐந்து நிமிஷம் வைத்துவிட்டுக் கொடுங்கள், அல்லது மிக்சியில் பொடித்துக் கிண்ணத்தில் போடுங்கள். அப்படியே விழுங்கும் ரகமாக இருந்தால் தட்டையான தட்டில் மெல்லியதாகப் பரப்பி உறைய வைப்பது நல்லது, நக்கித்தான் தீர்க்க முடியும்.

குட்டிக்கும் கிழ நாய்க்கும்?

பல் முளைக்கும் மூன்று முதல் ஆறு மாதக் குட்டிக்கு ஈறு நமநமக்கும். சுத்தமான துணியை நனைத்து முறுக்கி உறைய வைத்து, நீங்கள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கடிக்க விடுங்கள். அதைவிடச் சின்னக் குட்டிக்கு ஐஸ் தேவையில்லை. வயதான நாய்க்குப் பொடித்தது. சர்க்கரை நோய், சிறுநீரகம், கணையம் என்று ஏதாவது இருந்தால் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் பழம்கூட வேண்டாம்.

கரண்ட் போய் உருகிவிட்டது. மறுபடி உறைய வைக்கலாமா?

பழம் மட்டும் என்றால், இன்னும் ஜில்லென்று இருந்தால் சரி. தயிரோ கறித் தண்ணீரோ கலந்தது வெதுவெதுப்புக்கு வந்திருந்தால் கொட்டிவிடுங்கள். சாதாரணமாக மூடிய டப்பாவில் மூன்று வாரம் வரை வைக்கிறேன், அதற்குமேல் ஃப்ரீசர் வாடை ஏறிவிடுகிறது.

தெரு நாய்களுக்கும் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

அவற்றுக்கு முதலில் வேண்டியது நிழலில் ஒரு தண்ணீர்த் தொட்டி. சிமென்ட் தொட்டியோ அகலமான மண் சட்டியோ, சாயாததாக இருக்கட்டும். தினமும் கழுவித் தண்ணீர் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு வளர்க்கும் தொட்டியாகிவிடும். மதியம் ஒரு டம்ளர் அளவு ஐஸை அதில் போடலாம். தின்னும் கட்டிகளைக் கும்பலாக நிற்கும் நாய்களுக்கு நடுவே வீசாதீர்கள், சண்டை வரும், கடி உங்களுக்கும் விழும்.

ஐஸ் கொடுத்தும் மூச்சு இரைப்பு அடங்கவில்லை. இன்னொன்று கொடுக்கவா?

கொடுக்காதீர்கள். நாயின் இயல்பான சூடு 38.3 முதல் 39.2 டிகிரி. 41-ஐ நெருங்கினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். இரைப்பு நிற்காமல் எச்சில் கெட்டியாக ஒழுகுவது, ஈறு அடர் சிவப்பாவது, தள்ளாடுவது, வாந்தி, கூப்பிட்டால் திரும்பாதது, இவையெல்லாம் வெப்பத்தாக்கின் அறிகுறிகள். அந்த நிலையில் வாயில் ஐஸைத் திணித்தால் மூச்சுக்குழலில் போய்ச் சிக்கும்.

நிழலுக்குத் தூக்கி வந்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் நனையட்டும், ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். மே மாத மதியத்தில் மொட்டை மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். கையை வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள், வீட்டுக்குள் ஒரு வாளி எப்போதும் நிரம்பியிருக்கட்டும். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். சில நிமிஷம் இப்படிக் குளிர வைத்து, வண்டியிலும் காற்று படும்படி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எழுந்து நடந்துவிட்டாலும் போகத்தான் வேண்டும், உள்ளே ஏற்பட்ட பாதிப்பு மறுநாள்கூட வெளிப்படும்.

இவ்வளவும் செய்தேன், எங்கள் நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மணியும் முதல் வாரம் அப்படித்தான். தரையில் வைத்த கட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து குரைத்தான், பாதத்தால் ஒரு தட்டுத் தட்டினான், அது வழுக்கி ஓடியதும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். பாதி உருகவிட்டுக் கிண்ணத்தில் வைத்துப் பார்த்தேன், நக்கினான். அப்புறம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கெட்டியாக. இப்போது ஃப்ரீசர் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே சமையலறை வாசலில் உட்கார்ந்திருக்கிறான், நான் மீன் எடுக்கத்தான் திறந்தேன் என்றாலும்.